மகாபலிபுரத்தில் ஒரு ஃபேமிலி ரூம்

சிட்டி பிரேக் என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது நாவலூர். என் கணவர் தயாளன் அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். அதே கட்டடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சனி ஞாயிறு வந்தால் பாங்காக் போனார்களாம், சிங்கப்பூர் போனார்களாம். குறைந்த செலவில் குடும்பத்தோடு போய்வரச் சிறந்த நகரங்கள் என்று யாரோ அனுப்பிய மெயிலை இவர் ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, நாலாக மடித்து, காலி டிபன் டப்பாவோடு ஊரப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

"வசு, நாமளும் ஒரு சிட்டி பிரேக் போனா என்ன?"

சுனாமி வந்து போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். கடற்கரைப் பக்கம் லாட்ஜ்கள் எல்லாம் மறுபடி வெள்ளையடித்துக்கொண்டிருந்தன. ஆனால் இவர் பேச்சில் அப்போது கடலே இல்லை, பாங்காக்தான் இருந்தது. கூடுவாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் நான். எது கொதிக்கும், எது ஆவியாகும் என்று எனக்குத் தெரியும்.

ஆவியானது. மறுநாள் பாங்காக் பெங்களூராயிற்று. அந்த வாரத்துக்குள் பெங்களூர் பாண்டிச்சேரியாயிற்று. பாண்டிச்சேரியில் சனிக்கிழமை ரூம் வாடகையைக் கேட்டுவிட்டு வந்தவர் சாப்பிடும்போது ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "மகாபலிபுரம் எப்படி?" என்றார். ஊரப்பாக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நின்று பலமாகத் தும்மினால் மகாபலிபுரத்தில் கேட்கும்.

"சிட்டி எங்கேங்க?"

"பல்லவர் காலத்துல அதுதானே பெரிய சிட்டி?"

இதற்கு மேல் இந்த மனுஷனோடு என்ன வாதாட முடியும்? சரி என்றேன். சரி என்றதற்கு எனக்கு வேறு காரணம் இருந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி, ஸ்கேன், மாத்திரை, மறுபடி ஊசி என்று வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க அடுத்தவர்கள் குழந்தைகளின் போட்டோ ஒட்டியிருப்பார்கள். அடுத்த சுற்று திங்கட்கிழமை ஆரம்பம். எனக்குப் போதும் என்றாகிவிட்டது. அதை இவரிடம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சொல்ல வழியில்லை. ஹாலில் மாமியார், பக்கத்து அறையில் படிக்க வந்து தங்கியிருக்கும் இவர் தம்பி, நடுவில் அப்பளம் கனத்துக்குச் சுவர். இரண்டு நாள் தனியாகக் கிடைத்தால் எப்படியாவது சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். சொன்னால் இவர் முகம் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே கிளம்பியது.

சனிக்கிழமை காலை நாங்கள் கிளம்பிய கோலத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ரெக்சின் பை. செலவைக் குறைக்க வேண்டுமாம். அதனால் மதியத்துக்குத் தயிர்சாதம், மாவடு, ராத்திரிக்குச் சப்பாத்தி. கூடவே டார்ச் லைட், கொசுவத்திச் சுருள், துணி காயப்போட நைலான் கயிறு. பாங்காக் போயிருந்தாலும் இதே கயிற்றைத்தான் எடுத்து வந்திருப்பார். நான் சுடிதார் போட்டிருந்தேன். ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் செயின் அறுக்கிறார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, தாலிச் செயினை உள்ளே தள்ளிக்கொள், துப்பட்டாவுக்கு மேலே பின் குத்திக்கொள் என்று இவர்தான் காலையிலிருந்து உயிரை எடுத்தார்.

செங்கல்பட்டில் ஏறிய பஸ் திருக்கழுக்குன்றத்தில் பஞ்சர். மதியம் கழுகு வந்து சாப்பிட்டுப் போகும் என்று பேர்பெற்ற ஊர். கழுகு வருவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தில் பாதிப்பேர் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வராததற்குக் காத்திருப்பதில் நம் ஜனங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

புளியமரத்தடியில் என் பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பேச்சை ஆரம்பித்தார். "எங்க போய்கினு கீறீங்க?" மகாபலிபுரம் என்றேன். "எத்தினி புள்ளைங்க?" என்றார். இரண்டாவது கேள்வியே அதுதான். பேர் கூட அப்புறம்தான். நான் "இல்லை" என்றேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? பையைத் திறந்து நைலான் கயிறு இருக்கிறதா என்று பார்த்தார். பதினோரு வருஷமாக அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இவருக்கு ஏதாவது தேட வேண்டியிருக்கும். பதில் சொல்லும் டியூட்டி எப்போதும் எனக்கு.

மகாபலிபுரம் வந்து சேரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் நிலையத்திலேயே உளிச் சத்தம். தெருவெல்லாம் கல் பிள்ளையார்கள், வாங்க ஆளில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் கரும்பலகையில் வாழைப்பழ தோசை மாதிரி ஏதோ எழுதி, நம்மூரில் ஒரு வீட்டுக் கல்யாணச் சமையலுக்கு ஆகிற விலை போட்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்த லாட்ஜ் கடற்கரைக்குப் போகும் சந்தில் இருந்தது. கடல் தெரியும் என்று சொல்லியிருந்தார்களாம்.

நம் ஓட்டல், லாட்ஜ்காரர்கள் பேச்சில் ஃபேமிலி என்று ஒரு சொல் உண்டு. ஃபேமிலியோட வந்திருக்கீங்களா என்றால் பெண்டாட்டி கூட இருக்கிறாளா என்று அர்த்தம். என் ஃபேமிலிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு ஆள் சொன்னால் படுத்திருப்பது ஒரே ஒரு பெண்பிள்ளைதான். இவரும் அந்த நம்பிக்கையில்தான் மேஜைக்குப் பின்னால் இருந்த மேனேஜரிடம் சொன்னார்.

"ரூம் வேணும். ஃபேமிலி."

மேனேஜர் ஐம்பது வயது ஆள். பனியனுக்கு மேல் சட்டையைப் பட்டன் போடாமல் மாட்டியிருந்தார். என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஃபேமிலின்னா, புள்ளைங்க எங்க சார்?"

"நாங்க ரெண்டு பேரும்தான்..."

"தப்பா நெனைச்சுக்காத சார். இந்த ரோட்ல வர்றவன் அத்தினி பேரும் பொண்டாட்டின்னுதான் சொல்லிகினு வரான். போன வாரம் போலீசு வந்து ஒரே பேஜாரு. ஓனரு என்னியப் புடிச்சு கிழிகிழின்னு கிழிச்சிட்டாரு. புள்ளகுட்டியோட வந்தா ஃபேமிலி. இல்லாங்காட்டி ரூமு இல்ல."

எனக்கு உச்சந்தலை சூடேறியது. "கள்ளத்தனமா வர்றவங்க எவங்கய்யா தயிர்சாதம் கட்டிக்கிட்டு வருவாங்க?" என்று டப்பாவைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன்.

"போன மாசம் ஒர்த்தன் கேரியர்ல மீன் கொழம்பே எடுத்துகினு வந்தாம்மா. மறுநாளு அவன் நெஜப் பொண்டாட்டி வந்து இதே எடத்துல நின்னுது." அவர் என் கழுத்தைப் பார்த்தார். துப்பட்டாவும் பின்னும்தான் தெரிந்தன. "தாலி கீதாம்மா?"

இருக்கிறது. உள்ளே இருக்கிறது. நடுத்தெருவை ஒட்டிய ஒரு லாட்ஜ் வரவேற்பறையில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் நாலு பேருக்கு முன்னால், நான் கழுத்துக்குள் கை விட்டு அதை இழுத்து வெளியே காட்ட வேண்டுமாம். அதைவிட அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகலாம் என்று டப்பாவை எடுத்தேன்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார்.

"பொண்ணு இருக்கா சார். பாட்டிகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம்."

மேனேஜர் முகம் இளகியது. "பேரு இன்னா?"

"யாழினி."

"இன்னா படிக்குது?"

"மூணாங்கிளாஸ். எட்டு வயசு ஆச்சு."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்று சாவியை எடுத்து நீட்டினார் மேனேஜர்.

நான் படியேறினேனா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா என்று எனக்கு இன்றைக்கும் சரியாக ஞாபகம் இல்லை. கல்யாணமான மூன்றாவது வருஷம் ஒன்று தங்கியது. நாலாவது மாசம் போய்விட்டது. தங்கியிருந்த அந்தக் கொஞ்ச நாளில், ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டே, பொண்ணா இருந்தா யாழினி என்று நான் சொல்லியிருந்தேன். ஒரே ஒருமுறை. இவர் அப்போது ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். காதில் வாங்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது பிறந்திருந்தால் இப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, வயது பிசகவில்லை.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டியின் மேல் தாவினால் கடல் தெரியலாம். மின்விசிறி சுற்றும்போது மாட்டுவண்டி போகிற மாதிரி சத்தம். தலையணை உறையில் யாரோ மருதாணிக் கையைத் துடைத்திருந்தார்கள். கட்டில்மேல் பேப்பரை விரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டோம். எங்கள் வீட்டுக் கட்டில்மேல் இப்படிச் சாப்பிட்டால் மாமியார் மூன்று நாள் பேசமாட்டார். சுற்றுலாவில் நான் கண்ட முதல் லாபம் அது.

"எதுக்குங்க அந்தப் பேரைச் சொன்னீங்க?"

"வாயில வந்துச்சு."

"வேற பேரு வாயில வராதா?"

அவர் மாவடுவைக் கடித்துக்கொண்டு, "வேற பேரு எதுவும் இல்லையே வசு," என்றார். அவர்மேல் வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலம் வரை ஊரின்மேல் காட்டினேன்.

ஊரும் அதற்கு லாயக்காகத்தான் இருந்தது. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்குக் கீழே ஆள் மாற்றி ஆள் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பாறையைத் தாங்கிப் பிடிக்கிறார்களாம். நூற்றாண்டுக் கணக்கில் தானாக நிற்கிற பாறை, கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மாப்பிள்ளை தாங்காவிட்டால் உருண்டுவிடும். இவரும் போய் நின்றார். என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். தலையை வெட்டி எடுத்தேன்.

அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் ஒரு கைடு, குஜராத்திக் குடும்பம் ஒன்றுக்கு இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். ஒற்றைக்காலில் நிற்கும் பூனை சிற்பத்தைக் காட்டி அவர் என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பூனை தவம் செய்வது போல நடித்து எலிகளை ஏமாற்றுகிறதாம். அதன் பக்கத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் எலிகளை எண்ணிக்கொண்டிருந்தது. இவர் சிற்பத்தை விட்டுவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆளிடம் போய்ப் போதும் என்று எப்படிச் சொல்வேன்?

சப்பாத்தி சாயங்காலத்துக்குள் அட்டையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனோம். அதை நடத்துவது மேனேஜரின் மனைவி அஞ்சலை. மீனவக் குப்பத்துப் பெண். புருஷனைப் போல இரண்டு மடங்கு குரல், பாதி உயரம். நாங்கள் உட்கார்ந்ததும் இலையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீதான் யாளினி அம்மாவா?"

யாரும் என்னை அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பழக்கம், முதலில் வாயில் வந்தது திருத்தம்தான். "யாளினி இல்லைங்க. யாழினி. ழ."

"அதாம்மா நானும் சொல்றேன், யாளினி. பச்சப்புள்ளைய வுட்டுட்டு வர உனக்கு எப்பிடிம்மா மனசு வந்துச்சு? அது இந்நேரம் அழுதுகினு கெடக்கும்."

"அழாது," என்றேன். "பாட்டின்னா அதுக்கு உயிரு."

சொன்னது நான்தான். இவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

"மீனு துன்னுமா?"

"முள் எடுத்துக் குடுத்தா சாப்பிடும்."

"சங்கரா புடிக்கும்," என்றார் இவர். "நெத்திலி தொடாது. கண்ணு தெரியுதுன்னு அழும்."

அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய மூத்தவளும் அப்படித்தானாம். அவளுக்கு மூன்று பெண்கள். ஒவ்வொருத்தியைப் பற்றியும் அவள் ஒன்று சொல்ல, நாங்கள் யாழினியைப் பற்றி ஒன்று சொன்னோம். தலையில் எண்ணெய் வைக்க விடாது. நாய் என்றால் பயம், பல்லி என்றால் பயமில்லை. அப்பா மாதிரி கணக்கு வரும், அம்மா மாதிரி வாய் ஜாஸ்தி. முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. வாய் ஜாஸ்தி என்று சொன்னது இவர். அதற்கு நான் அவரை முறைத்தேன். ஊரில் பெற்றவர்கள் எல்லாம் முறைத்துக்கொள்கிற மாதிரிதான் முறைத்தேன்.

குழம்பு காரம். சோறு புழுங்கல் வாசனை. தண்ணீரில் உப்பு கரித்தது. வேறு சமயமாக இருந்தால் இந்த மெஸ்ஸைப் பற்றி ஒரு பக்கம் திட்டி எழுதியிருப்பேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் கடற்கரைக்குப் போனோம். இருட்டத் தொடங்கியிருந்தது. மணலில் மாங்காய்த் துண்டும் சுண்டல் காகிதமும் கிடந்தன. கலங்கரை விளக்கம் சுற்றிச் சுற்றி எங்கள்மேல் வெளிச்சம் போட்டுவிட்டுப் போனது. இரண்டு நாளில் எனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடம் அதுதான். சுவரில்லை, மாமியார் இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கழிச்சு ஆஸ்பத்திரிக்கு..."

"ம். ஆறு மணி வண்டியில போனாத்தான் டோக்கன் கிடைக்கும்," என்றார்.

யாழினிக்கு இப்போதுதான் பல் விழுந்திருக்கிறது. அரை மணிநேரம் முன்னால்தான் முள் எடுத்து ஊட்டினோம். அந்தச் சூடு ஆறுவதற்குள், அவள் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? அறைக்குத் திரும்பினோம். மின்விசிறி மாட்டுவண்டி ஓட்டியது. கொசுவத்தி எங்களை மட்டும் விரட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக் கோயில். நுழைவுச் சீட்டு நமக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு ஒரு விலை. வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விலைப்பலகையைப் பார்த்துவிட்டுத் தன் பெண்டாட்டியிடம் அவர்கள் மொழியில் ஏதோ முனகினார். மொழிபெயர்ப்பே வேண்டாம், இவர் பாண்டிச்சேரி வாடகையைக் கேட்டுவிட்டு வந்து முனகியதும் அதே ராகம்தான். உள்ளே உப்புக்காற்று தின்ற சிங்கங்களும் நந்திகளும் மூக்கு மழுங்கி உட்கார்ந்திருந்தன. ஒரு புதுக்கல்யாண ஜோடி, நந்தியின்மேல் பையை வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டது. அவர்களைப் பார்த்து இவர் பெருமூச்சு விட்டார். இட்லிக்காகவா, ஜோடிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

ரூமைக் காலி செய்யக் கீழே வந்தோம். மேனேஜர் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். "மறுக்கா வாங்க சார். ஃபேமிலின்னா நம்ம லாட்ஜிதான்," என்றார். அதற்குள் பின்பக்கத்திலிருந்து அஞ்சலை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"இரு சார், இரு. இத்த எடுத்துகினு போ. என் தம்பி கடைல சொல்லி எழுதி வாங்கியாந்தேன்."

உள்ளங்கை அளவு வெள்ளைச் சங்கு. அதன்மேல் சிவப்புச் சாயத்தில், பூப்போட்ட எழுத்தில், பேர் எழுதியிருந்தது. யாளினி.

யாளி என்றால் கோயில் தூண்களில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, சிங்க முகமும் யானைத் தும்பிக்கையுமாக, உலகத்தில் எங்கேயும் பிறக்காத அந்த மிருகம். வகுப்பில் ஒரு பெண் ழகரத்தை இப்படி எழுதினால் பத்து தடவை எழுத வைப்பேன். என் வாயில் அன்றைக்குத் திருத்தம் வரவில்லை.

இவர் சங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேரைப் படித்தார். மறுபடி படித்தார். பையைத் திறந்து எதையும் தேடவில்லை.

"யாழினி இல்லம்மா," என்றார்.

அஞ்சலை முகம் வாடிவிட்டது. "இன்னா சார், எழுத்து தப்பா பூட்ச்சா? அந்தக் கட்டையில போறவன்கிட்ட நான் படிச்சுப் படிச்சு சொன்னேன். குடு, மாத்தி வாங்கியாறேன்."

"எழுத்து இல்லம்மா." குரல் உடைந்து, மறுபடி கூடியது. "யாழினியே இல்ல. எங்களுக்குப் பொண்ணு இல்ல."

அஞ்சலை ஒரு நிமிஷம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "எப்ப சார் போச்சு?"

"பொறக்கலம்மா. பொறக்கவே இல்ல."

மேஜைக்குப் பின்னாலிருந்து மேனேஜர் எழுந்தார். "நான் அப்பவே நெனைச்சேன். அப்ப பொய் சொல்லிகினு ரூமு எட்த்தியா? இது இன்னா சார் ஃபேமிலி..."

"யோவ், சும்மா கெட!" என்று அஞ்சலை போட்ட சத்தத்தில் ஆணியில் மாட்டியிருந்த சாவி ஆடியது. "உனக்கு மூணு பொண்ணு கீது. எது எந்த கிளாஸ் படிக்குதுன்னு சொல்லு பார்ப்போம். சொல்லேன்!"

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

நான் சங்கை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பேரு எழுதிட்டாங்கோ. இனிமே இத்த எவன் வாங்குவான்? எடுத்துகினு போம்மா," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். ஆறுதல் என்ற பேரில் பதினோரு வருஷமாக என் காதில் விழுந்த எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு உறைபோடக் காணாது. எந்தக் கோயிலுக்கும் போகச் சொல்லவில்லை, எந்த டாக்டர் பேரும் சொல்லவில்லை, தத்து எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. எடுத்துகினு போ என்றாள்.

பஸ் நிலையத்தில் உட்கார இடமில்லை. ஒரு கல் யானைக்குப் பக்கத்தில், விற்பனைக்கு வைத்திருந்ததுதான், ஒதுங்கி நின்றோம். இவர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நாளைக்கு லீவு சொல்லாதீங்க."

"ஏன்?"

"எனக்குப் போதும்ங்க. ஊசி போதும், டோக்கன் போதும், அந்தச் சுவத்துல இருக்கிற போட்டோவெல்லாம் பார்த்தது போதும். என்னால இனிமே முடியாது."

"சரி," என்றார்.

உடனே சொன்னார். மூச்சு விடுவதற்குள் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன சரி?"

"எனக்குப் போன வருஷமே போதும்னு ஆயிடுச்சு வசு. நீ ஆசைப்படறியேன்னுதான்..."

"நான் ஆசைப்பட்டேனா? நீங்க ஆசைப்படறீங்கன்னு நான்..."

தட்டில் மிஞ்சிய கடைசி வடையை நீங்க எடுத்துக்குங்க, நீ எடுத்துக்கோ என்று தள்ளித் தள்ளி விடுவோமே, அந்த மரியாதையை நாங்கள் வருஷக்கணக்காக நடத்தியிருக்கிறோம். நடுவில் குத்துப்பட்டது என் வயிறு. இந்த ஊரில் கண்ணில் பட்ட அத்தனை பேரையும் இரண்டு நாளாக முட்டாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். பெரிய முட்டாள்கள் இரண்டு பேர் கல் யானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று நினைத்து வாயைத் திறந்தால் அழுகை. துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தப் பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், ஓவென்று அழுதேன். யானைக்காரர், அதாவது யானையை விற்கிறவர், நகர்ந்து நில்லும்மா, வாங்குறவங்களுக்கு மறைக்குது என்றார்.

செங்கல்பட்டு பஸ் வந்ததும் கூட்டம் முண்டியடித்தது. இவர் எப்படியோ உள்ளே புகுந்து மூன்று பேர் சீட்டில் இடம் போட்டிருந்தார். நான் ஜன்னலோரம். நடுவில் ரெக்சின் பை. அந்தக் கோடியில் அவர். சங்கு என் மடியில் இருந்தது. பஸ் முழுக்க நெருக்கம். கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெரியவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த நடத்துனர் எங்கள் சீட்டருகில் நின்று பையைக் காட்டினார்.

"நடுவுல ஆளு வருதா சார்? இல்ல சும்மா இடம் புடிச்சு வச்சிகினு கீறியா?"

"யாரும் வரலீங்க," என்றார் என் கணவர். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "நாங்க ரெண்டு பேருதான்."

பையைத் தூக்கிக் காலடியில் வைத்துவிட்டு, பெரியவருக்கு இடம் விட்டு, என்னை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார்.